ஞானத்தைக் கேட்டுப் பெறுவது எப்படி: சாலொமோனின் ஜெபம் முதல் ஜாமீன் கையெழுத்து வரை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தப்பாவின் மகன் நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறார். வைத்த காபி ஆடை கட்டிப்போகிறது. அவர் அதைத் தொடவில்லை. கடையை விரிவுபடுத்த எட்டு லட்சம் ரூபாய் கடன் கேட்டிருப்பதாகவும், ஜாமீன்தாரர் ஒருவரைக் கொண்டுவரச் சொல்லி வங்கியில் கேட்பதாகவும் சொல்கிறார். "அண்ணே, உங்கள விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா" என்று படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். அன்றிரவு நீங்கள் முழங்காற்படியிட்டு, "ஆண்டவரே, போடவா வேண்டாமா, ஒரு வழி காட்டும்" என்று ஜெபிக்கிறீர்கள். விடிந்த பிறகும் ஒன்றும் தெளியவில்லை; படிவம் மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது.

அந்தக் காலைப்பொழுதுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கல்யாணம், வேலை மாற்றம், சொத்துப் பங்கீடு என்று எந்த முடிவுக்கும் இதே வழி பொருந்தும் என்றாலும், பொதுவாகப் பேசினால் எல்லாம் எளிதாகத் தோன்றிவிடும் என்பதால், இந்த ஒரு படிவத்தையே கடைசிவரை கையில் வைத்துக்கொள்வோம். வேதவசனங்களைச் சீர்திருத்தச் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதலிலிருந்தே எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் திருவிவிலியத்தில் இதே பகுதிகளை வேறு சொற்களில் காண்பார்கள். சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம் என்ற இரண்டு ஞானநூல்கள் அவர்களுக்குக் கூடுதலாகவும் உண்டு.

சொல்லைச் சரிசெய்துகொள்ளுதல்

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு "ஞானம்" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று நம் வழக்கில் அந்தச் சொல் "ஆவிக்குரியது" என்ற பொருளிலேயே பெரும்பாலும் வருகிறது. சபைக்கு வெளியேயோ, ஞானி என்றால் வீட்டைத் துறந்தவர் என்ற எண்ணம் தமிழில் மிகப் பழையது. இந்த இரண்டும் சேர்ந்து, ஞானம் என்பது இந்த உலகத்து வேலைகளோடு ஒட்டாத ஏதோ ஒன்று என்ற நினைப்பை நமக்குத் தெரியாமலேயே உண்டாக்கிவிடுகின்றன.

எபிரெயப் பழைய ஏற்பாட்டில் இதற்கு நிற்கும் சொல் ஹொக்மா. யாத்திராகமம் 31இல் ஆசரிப்புக் கூடாரத்தின் பொன், வெள்ளி, மர வேலைகளைச் செய்யவேண்டிய பெசலெயேலுக்குத் தேவன் கொடுத்ததாகச் சொல்லப்படுவது இந்த ஹொக்மாதான். 35ஆம் அதிகாரத்தில் ஆட்டுமயிரைத் திரித்த பெண்களின் கைத்திறனுக்கும் அதே சொல்லே வருகிறது. தச்சனின் கையிலும் நூற்பவளின் விரலிலும் குடியிருக்கிற தேர்ச்சி அது. நீதிமொழிகள் அதை வாழ்க்கை முழுவதற்கும் விரிக்கிறது: தராசுக் கல், எறும்பு, தூக்கம், பக்கத்து வீட்டுக்கு அடிக்கடி போய் நிற்கும் கால், விடியற்காலையில் எழுந்து உரத்த சத்தமிட்டு நண்பனை வாழ்த்துகிறவன் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

"புத்தி" என்று நம் திருப்புதல் பல இடங்களில் தருவது பீனா என்ற சொல்லை. "இடையே" என்று பொருள்படும் சொல்லோடு உறவுடையது அது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டுக்கு இடையே கோடு கிழிக்கத் தெரிவதே பீனா. உங்கள் மேசையிலும் அப்படி இரண்டு காரியங்கள் ஒட்டிக் கிடக்கின்றன: தம்பிக்கு உதவுவது ஒன்று, வங்கிக்கு வாக்குக் கொடுப்பது இன்னொன்று. இவை ஒன்றல்ல என்று பார்க்கத் தொடங்குவதே பாதி வேலை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஞானத்தைத் தேடுகிற பலர் உண்மையில் தேடுவது ஒரு விடையை. விடை கிடைத்துவிட்டால் ஞானம் தேவையில்லை என்றே அவர்கள் மனத்துக்குள் எண்ணுகிறார்கள். வேதாகமம் வாக்குக் கொடுப்பதோ முடிவெடுக்கத் தெரிந்த இருதயத்தை.

எதற்குப் பயப்படுகிறோம் என்று எழுதிப் பார்த்தல்

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்ற வசனம் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் சுவரில் தொங்குகிறது. தொங்கிக்கொண்டே இருப்பதால் அது என்ன சொல்கிறதென்று யாரும் நின்று கேட்பதில்லை. முடிவெடுக்கும் ஒவ்வொருவருக்குள்ளும் ஏதோ ஒரு பயம் முன்னமே உட்கார்ந்திருக்கிறது, அந்த நாற்காலியில் இருப்பது யார் என்பதுதான் கேள்வி என்று இந்த வசனத்தை நான் வாசிக்கிறேன். நீதிமொழிகள் 29:25 இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்.

ஆகவே ஜெபத்துக்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இந்தக் காரியத்தில் உங்களுக்கு இருக்கும் பயங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். சித்தப்பா பேசாமல் போய்விடுவாரோ. சபையில் "சொந்தத் தம்பிக்கே உதவாதவர்" என்று பேச்சு வருமோ. அப்பா இறந்தபோது அவர்கள் செய்த உதவியை யாராவது எடுத்துக் காட்டுவார்களோ. மகளின் படிப்புக்காக வைத்திருக்கும் பணம் போய்விடுமோ. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது தேவனுக்கு முன்பாக நிற்கிறவனின் கவலையா, மனிதர்களின் முகத்தைப் பார்க்கிறவனின் கவலையா என்று குறியுங்கள். எல்லாப் பயமும் தவறானதல்ல. மகளின் படிப்பைப் பற்றிய பயம் உங்கள் கடமையிலிருந்து பிறந்தது. ஆனால் நான்கு பயங்களில் மூன்று ஊர்வாயைப் பற்றியவை என்று தாளில் கண்ணெதிரே தெரியும்போது, இதுவரை உங்களுக்காக யார் முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கிவிடும்.

கேட்கும் விதம்

கிபியோனில் கனவில் தோன்றி, விரும்புகிறதைக் கேள் என்று தேவன் சொன்னபோது, சாலொமோன் தன்னைப் "போக்குவரவு அறியாத சிறுபிள்ளை" என்கிறான் (1 இராஜாக்கள் 3:7). அரசனின் வாயில் வருகிற இந்தச் சொல்லே ஜெபத்தின் முதல் பாதி. பிறகு அவன் கேட்டதை நம் திருப்புதல் "ஞானமுள்ள இருதயம்" என்கிறது. எபிரெயத்தில் அது "கேட்கிற இருதயம்". இந்த ஒரு சொல்லுக்காகவே அந்த அதிகாரத்தை நான் திரும்பத் திரும்பத் திறக்கிறேன். அவன் நாவன்மையையும் கேட்கவில்லை, வரவிருக்கும் வழக்குகளுக்கு ஆயத்தமான தீர்ப்புகளையும் கேட்கவில்லை. அடுத்த காட்சியில் ஒரே பிள்ளைக்காக இரண்டு பெண்கள் வந்து நிற்கும்போது, அவன் முதலில் செய்வது இருவர் சொல்வதையும் கேட்டு, இருவர் வாதத்தையும் தன் வாயால் திருப்பிச் சொல்வதுதான். பிள்ளையை இரண்டாகப் பிளக்கச் சொல்லும் பட்டயம் அதற்குப் பிறகே வருகிறது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 1:5, ஞானத்தில் குறைவுள்ளவன் எவனும் தேவனிடத்தில் கேட்கலாம், அவர் கடிந்துகொள்ளாமல் சம்பூரணமாய்க் கொடுப்பார் என்கிறது. "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காதவர் ஒருவரிடம் போகிறோம் என்பது பெரிய ஆறுதல். அடுத்த வசனத்தில் வரும் "சந்தேகப்படாமல்" என்ற சொல்தான் பலரை வாட்டுகிறது: மனத்தில் ஒரு துளி ஐயம் எழுந்தாலும் ஜெபம் வீண் என்று அதைப் புரிந்துகொண்டு, தங்களையே கசக்கிப் பிழிந்துகொள்கிறார்கள். எட்டாம் வசனம் அந்த மனிதனை "இருமனமுள்ளவன்" என்று அடையாளம் காட்டுவதை அவர்கள் கவனிப்பதில்லை. விடை தனக்குப் பிடித்தால் ஏற்றுக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு கேட்கிறவனே அவன்.

எனவே உங்கள் ஜெபத்தின் வாசகத்தை மாற்றுங்கள். "போடவா வேண்டாமா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இதில் நான் பார்க்க மறுக்கிறது எது என்று காட்டும், பார்த்தபின் அதன்படி நடக்கிற மனத்தையும் தாரும்" என்று கேளுங்கள். இரண்டாம் பகுதியைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் அதையே ஜெபமாக்குங்கள். அங்கேயே நின்று இரண்டு நாள் போனாலும் நஷ்டமில்லை.

வாசிக்கும் விதம்

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரம் என்று மாதந்தோறும் வாசிக்கும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பத்தாம் அதிகாரத்திலிருந்து வசனங்கள் பெரும்பாலும் தனித்தனி மணிகளாக வருவதால், வேகமாக வாசித்தால் எதுவும் நிற்காமல் ஓடிவிடும். சங்கீதம் 1இல் "தியானம்" என்று வருகிற எபிரெயச் சொல் முணுமுணுத்தலைக் குறிப்பது; ஏசாயாவில் புறா கூவுவதற்கும் சிங்கம் உறுமுவதற்கும் அதுவே வருகிறது. வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டும் கேட்காத குரலில், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் விடியற்காலையில் இதைத்தான் செய்தார்கள். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

ஒரு முடிவு முன்னால் நிற்கும்போது, தேதிக்கு ஓர் அதிகாரம் என்பதோடு இன்னொன்றும் செய்யவேண்டும். அந்தப் பொருளைப் பற்றி வேதம் சொல்லும் எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டவேண்டும், உங்களுக்குச் சாதகமானதை மட்டும் அல்ல. ஒத்தவாக்கிய அகராதியில், ஜாமீனுக்கு வேதத்தில் வரும் "பிணை" என்ற சொல்லைத் தேடிப்பாருங்கள். நீதிமொழிகள் 6:1, 11:15, 17:18, 20:16, 22:26 என்று வரிசையாக எச்சரிக்கைகள் வரும். 22:27 அப்பட்டமானது: செலுத்த உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அல்லவா எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்கிறது. இவ்வளவோடு நிறுத்தினால், "வேதமே சொல்லிவிட்டது, முடியாது" என்று படிவத்தை மடித்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் தேடலைத் தொடர்ந்தால் ஆதியாகமம் 43:9 வருகிறது. பென்யமீனை எகிப்துக்கு அனுப்பத் தயங்கும் தகப்பனிடம், அவனுக்காக நான் பிணை என்கிறான் அண்ணன் யூதா. அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்று அடுத்த அதிகாரம் காட்டுகிறது: திருடப்பட்டதாகச் சொன்ன பாத்திரம் பென்யமீனின் சாக்கில் அகப்பட்டபோது, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நிற்கிறான். யோபு 17:3இல் யோபு, தனக்காகப் பிணைப்படும்படி தேவனையே கேட்கிறான். எபிரெயர் 7:22 இயேசுவை விசேஷித்த உடன்படிக்கையின் பிணையாளி என்கிறது. நீதிமொழிகள் இவ்வளவு கடுமையாக எச்சரிக்கிற அதே காரியத்தைச் சுவிசேஷம் கர்த்தர் நமக்காகச் செய்ததாகச் சொல்கிறது என்று முதன்முறை கண்டபோது, நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா? நீதிமொழிகள் 26ஐப் பாருங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது நாலாம் வசனம். கொடு என்கிறது ஐந்தாம் வசனம். தொகுத்தவர் கவனக்குறைவாக இருந்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டார். எந்த மூடனிடம், எந்த நேரத்தில் எது என்று வாசிக்கிறவன்தான் பிரித்தறிய வேண்டும் என்று அந்த அடுக்கே சொல்லித்தருகிறது. பிணை விஷயத்திலும் கோடு தெரிகிறது. நீதிமொழிகள் கண்டிப்பவன், கொடுக்க முடியாததற்குச் சட்டென்று கையடித்து உடன்படுகிறவன். யூதாவோ முழு விலையையும் தானே செலுத்த ஆயத்தமாய்ச் சொன்னவன். ஆகவே உங்கள் முன்னால் நிற்கும் கேள்வி இப்படி மாறுகிறது: தம்பி ஒரு தவணைகூடக் கட்டாமல் போனாலும், கசப்பில்லாமல் என் கையிலிருந்து நான் கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு?

குறுக்குவழிகளைப் பற்றி

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொள்வது, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைக் கடன் படிவத்துக்கு விடையாகப் பொருத்துவது, "நாளை காலை பத்து மணிக்குள் போன் வந்தால் சம்மதம்" என்று தேவனுக்கு நிபந்தனை வைப்பது ஆகிய மூன்றையும் நானும் செய்திருக்கிறேன். வாக்குத்தத்த அட்டையை நான் குறைசொல்லவில்லை. பர்சில் ஒரு வருடம் இருந்து மடிப்பு விழுந்த அட்டை ஒருவரைத் தாங்கியிருக்கலாம். அது ஊக்கத்துக்கு உரியது, சீட்டுக் குலுக்கலுக்கு அல்ல. கிதியோன் களத்தில் போட்டு, பனியில் நனைகிறதா என்று அடையாளம் பார்த்த தோலை எடுத்துக்காட்டுகிறவர்கள் நியாயாதிபதிகள் 6:36ஐ நிதானமாக வாசிக்கவேண்டும்: தேவன் ஏற்கெனவே சொல்லியிருந்ததைக் கிதியோன் அறிந்திருந்தான், அறிந்தும் துணிவில்லாமல் அடையாளம் கேட்டான். தேவன் அவனிடம் பொறுமையாக இருந்தார் என்பதுதான் அங்கே செய்தி.

விவரம் திரட்டுதல்

எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிற செய்தி வந்தபோது, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா அழுது, உபவாசித்து, ஜெபித்தான். அவன் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் வரும் மாதப் பெயர்களை எண்ணினால், ராஜா அவனிடம் வாய்திறந்து கேட்கும்வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகியிருக்கின்றன. ராஜா கேட்டதும், எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கு யாரிடம் போகவேண்டும் என்பதெல்லாம் அவன் நாவில் ஆயத்தமாக இருந்தன; மரக்காவல் அதிகாரி ஆசாபின் பெயர் உட்பட. எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த சுவரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் வாயைத் திறந்தான். இந்த மனிதனின் ஜெபத்தையும் விசாரிப்பையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனமும் வெட்கமும் என்கிறது நீதிமொழிகள் 18:13. ஆகவே கேளுங்கள். தம்பியிடம்: இதற்கு முன் வாங்கிய கடன்கள் என்ன, அவை எந்த நிலையில் இருக்கின்றன, கடையின் மாத வரவு எவ்வளவு, தவணை எவ்வளவு, வேறு யாரிடமாவது ஜாமீன் கேட்டு மறுத்தார்களா. வங்கியிடம்: படிவத்தின் ஒவ்வொரு பக்கமும் எதைச் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. அதாவது கடனாளியை முழுவதும் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. "சும்மா ஒரு கையெழுத்துதானே அண்ணே" என்ற வாக்கியத்துக்கும் இந்தப் பிரிவுக்கும் இடையே உள்ள தூரம்தான் எத்தனையோ குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோன தூரம். அந்தக் கடன் உங்கள் கடன் வரலாற்றிலும் ஏறும். அவர் தவணை தவறினால் நாளைக்கு உங்கள் மகளின் கல்விக்கடன் விண்ணப்பத்திலும் அது வந்து நிற்கும்.

ஆலோசனை

சாலொமோனுக்குப் பின் ராஜாவான அவன் மகன் ரெகொபெயாம் ஆலோசனை கேட்காதவன் அல்லன். இரண்டு குழுக்களிடம் கேட்டான். முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபர் சொன்னதை எடுத்துக்கொண்டான். என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைப்பார்க்கிலும் பருமனாயிருக்கும் என்று சொல்லும்படி கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். மூன்றாம் நாள் அவன் கடுமையாகப் பேசி முடித்ததும் பத்துக் கோத்திரங்கள் கையைவிட்டுப் போயின. ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, நமக்கு வேண்டியதைச் சொல்கிறவர் கிடைக்கும்வரை ஆள் மாற்றி ஆள் கேட்பவர்களுக்கு அவன் கதை பொருந்தும்.

மூன்று பேர் போதும். இந்த முடிவின் சுமையை உங்களோடு சேர்ந்து சுமக்கப்போகிறவர் ஒருவர். மணமானவர் என்றால் அது உங்கள் துணைதான், அவரிடம் சொல்லாமல் போட்ட கையெழுத்து எந்த வசனத்தாலும் நியாயமாகாது. இதே காரியத்தில் அடிபட்ட அனுபவமுள்ளவர் ஒருவர். உங்களை முகத்துக்கு நேரே கண்டித்திருக்கிற ஒருவர். அவர் போதகராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போதகரிடம் போகும்போது அவரைக் குறிசொல்லியாக்கிவிடாதீர்கள். "நீங்கள் ஜெபித்துச் சொல்லுங்கள் ஐயா" என்று படிவத்தை அவர் தலையில் கட்டுவது, நாம் எடுக்கவேண்டிய முடிவிலிருந்து பக்தியின் பெயரால் ஓடுவதுதான். "கர்த்தர் உங்களைக் குறித்து என்னிடம் பேசினார்" என்று யாராவது வந்தால், நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மற்ற எல்லாவற்றையும் நிறுப்பதைப் போலவே அதையும் நிறுத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியவர்களும் நீண்ட தர்க்கம் செய்து, பேதுருவும் பவுலும் பர்னபாவும் யாக்கோபும் பேசியதைக் கேட்டபிறகுதான், பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள்.

முடிவெடுத்தபின் சோதித்தல்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை யாருக்கும் சொல்லாமல், முடிவெடுத்தவர்போலவே இரண்டு மூன்று நாட்கள் நடந்துபாருங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் தரும் விதி ஒன்று சபை வேறுபாடின்றி எல்லோருக்கும் உதவும்: மனம் இருண்டு சோர்ந்திருக்கும் காலத்தில், தெளிவான காலத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இரவு பதினொரு மணிக்கு எழும் கலக்கத்தில் போனை எடுத்துத் தம்பிக்குச் செய்தி அனுப்பாமல் இருப்பதே, இதை நம் வீட்டில் கைக்கொள்ளும் முறை.

சோதிக்கும் அளவுகோலை யாக்கோபு 3:17 தருகிறது. பரத்திலிருந்து வருகிற ஞானம் சுத்தமும், சமாதானமும், சாந்தமும், இணக்கமும், இரக்கமும், பட்சபாதமின்மையும், மாயமின்மையும் உள்ளது என்று அங்கே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. எழுதப்பட்ட வரிசையும் கவனிக்கத்தக்கது. சுத்தம் முதலில், சமாதானம் பிறகு. சண்டை வராமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் போடும் கையெழுத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மறுபக்கம், சட்டமும் வசனமும் உங்கள் பக்கம் இருக்கிற திருப்தியோடு "முடியாது" என்று சொல்ல நாக்கு துடித்தால், இரக்கம் என்ற சொல்லுக்கு எதிரே உங்களால் குறி போட முடியாது. என் கணிப்பில், மறுப்பது சரி என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

சொல்லும் விதம்

தொலைபேசியில் சொல்லாதீர்கள். நேரில் போங்கள், படிவத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "தம்பி, எட்டு லட்சத்துக்கு என்னால நிக்க முடியாதுப்பா. நீ கட்டாமப் போனா அதைக் கட்ட என்கிட்ட இல்ல. இல்லாததை இருக்குன்னு எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா ஐம்பதாயிரம் என்னால தர முடியும். அது கடன் இல்ல. திருப்பித் தரணும்னு நீ நினைக்க வேண்டாம்." ஐம்பதாயிரம் என்பது ஓர் எடுத்துக்காட்டுதான், உங்கள் தொகை ஐயாயிரமாக இருக்கலாம், வாரத்தில் இரண்டு நாள் அவர் கடைக் கணக்கைச் சரிபார்த்துத் தருகிற உழைப்பாக இருக்கலாம். ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான் என்கிறது நீதிமொழிகள் 19:17. வேதம் மனமார ஊக்குவிக்கிற கடன் கொடுக்கல் அதுதான்.

அவர் கோபித்துக்கொண்டு எழுந்துபோகலாம். அது உங்கள் முடிவு தவறு என்பதற்கு அடையாளம் அல்ல. அவர் சமாதானமாக ஏற்றுக்கொண்டால் அது சரி என்பதற்கும் அடையாளம் அல்ல. நீதிமொழிகள் வாழ்க்கையின் பொதுவான ஓட்டத்தைச் சொல்கிறதே தவிர, ஒவ்வொரு நாளுக்கும் உத்தரவாதச் சீட்டு எழுதித் தருவதில்லை. அதை உத்தரவாதமாக்கிக்கொண்டு, துன்பம் வந்ததால் நீ தவறு செய்திருப்பாய் என்று நண்பனிடம் வாதாடியவர்கள் யோபுவின் சிநேகிதர்கள். ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு

நீதிமொழிகள் 6:1–5 உங்களுக்காகவே எழுதப்பட்டது. அது திட்டவில்லை. போ, உன்னைத் தாழ்த்து, வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கைக்குத் தப்பும் வெளிமானைப்போல் தப்பு என்று விரட்டுகிறது. வெட்கத்தை ஓரம் வைத்துவிட்டு, இன்றே வங்கிக்குப் போய்க் கடனின் நிலையைக் கேளுங்கள். உங்களுக்குப் பதிலாக வேறு ஜாமீனோ சொத்தோ வைக்க முடியுமா என்று கேளுங்கள். தவணைத் தேதிகளை எழுதிவைத்து ஒவ்வொரு மாதமும் விசாரியுங்கள். வீட்டில் இதுவரை சொல்லவில்லை என்றால், வங்கிக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெற்றதைக் காத்துக்கொள்ளுதல்

சாலொமோனின் கதையைக் கிபியோனோடு நிறுத்திவிடுவது நம் ஞாயிறுபள்ளிப் பழக்கம். உபாகமம் 17:16–17 இஸ்ரவேலின் ராஜாவுக்கு மூன்றைத் தடைசெய்கிறது: அநேகம் குதிரைகள், அநேகம் மனைவிகள், மிகுதியான வெள்ளியும் பொன்னும். 1 இராஜாக்கள் 10, 11ஆம் அதிகாரங்களை அருகில் வைத்து வாசியுங்கள். வருஷத்துக்கு 666 தாலந்து பொன், எகிப்திலிருந்து வந்த குதிரைகள், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்று அந்த மூன்றும் கணக்கோடு வருகின்றன. எல்லா ஜாதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்ட ஞானம் அவனிடம் இருந்தபோதே, அவனுடைய இருதயம் சாய்ந்துபோனது. கேட்கிற இருதயம் ஒருமுறை கிடைத்தால் போதும் என்றிருந்தால் இப்படி நடந்திருக்காது.

அதே உபாகமப் பகுதியின் 18, 19ஆம் வசனங்கள், ராஜா நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்காக எழுதிவைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்கவேண்டும் என்கின்றன. இதை நம் அளவில் செய்துபார்க்கலாம். நீதிமொழிகளில் 915 வசனங்கள். நாளைக்கு மூன்று வசனம் கையால் எழுதினால் 305 நாட்களில் முடியும். கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்றை வாங்கி, வலதுபக்கம் மட்டும் வசனங்களை எழுதிவாருங்கள். இடதுபக்கத்தை வெறுமையாக விட்டு, அந்த வசனம் எந்த நாளில் எந்தக் காரியத்தில் நினைவுக்கு வந்தது என்று தேதி போட்டு அங்கே குறியுங்கள். நினைவுக்கு வந்தும் கேட்காமல் போன நாட்களையும் சேர்த்து. என் நோட்டில் 22:26க்கு எதிரே மூன்று தேதிகள் இருக்கின்றன. முதல் தேதியின் பக்கத்தில் ஒரு தொகையும் எழுதியிருக்கிறது. அதைக் கட்டி முடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.